சுழலாத கெபாப்

கடந்த மூன்று சனிக்கிழமைகளும் வீட்டில் டோனர் கெபாப் செய்தேன். முதல் வாரம் செங்கல், இரண்டாம் வாரம் காகிதம், மூன்றாம் வாரம் பாதி வெங்காயம். மூன்று வெவ்வேறு சமையல் குறிப்புகள் நம்பியிருக்கிற மூன்று கருவிகள் இவை. சமையல் குறிப்புகளைப் பற்றி விமர்சனம் எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "அடுத்தது என்னா, பஸ் டிக்கெட்டா?" என்று கேட்டார். எழுதலாம்தான். சமையல் குறிப்பும் ஒரு பிரதி. எங்கோ ஓர் அடுப்பில் யாரோ செய்ததை நம் வீட்டுக்கு மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று அது வாக்குக் கொடுக்கிறது. மொழிபெயர்ப்பில் எது விடுபட்டது என்று கேட்பது நமக்குப் பழகிய வேலை.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். துருக்கி மொழியில் 'டோன்மெக்' என்றால் சுற்றுவது, திரும்புவது. அதிலிருந்து வந்தது டோனர். கிரேக்கர்கள் அந்தச் சொல்லைப் பொருள் மாறாமல் தங்கள் மொழிக்கு மாற்றி 'யீரோஸ்' என்றார்கள். வட்டம், சுற்று என்று பொருள். நம் ஊரில் அதை கைரோஸ், ஜைரோஸ் என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறோம். அரபியில் வழங்கும் ஷவர்மா, 'செவிர்மெ' என்ற இன்னொரு துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் சுற்றுவது என்றுதான் பொருள். லெபனான் குடியேறிகள் வழியாக இந்தச் சமையல் மெக்சிகோவுக்குப் போனது. அங்கே அந்தச் செங்குத்துக் கம்பிக்குப் பெயர் 'டிரோம்போ', அதாவது பம்பரம். ஜெர்மனியில் இன்னும் வேடிக்கை. அங்கே டோனர் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அரைத்த இறைச்சி 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 'டிரேஷ்பீஸ்' என்று வேறு பெயரில் விற்பார்கள். அதற்கு என்ன பொருள் என்று பார்த்தால், சுழலும் கம்பி!

இறைச்சியின் பெயரோ மசாலாவின் பெயரோ ஊரின் பெயரோ இதில் எங்கும் இல்லை. எத்தனை மொழிக்குப் போனாலும் ஒரு வினைச்சொல்தான் பெயராக நிற்கிறது. வீட்டில் செய்யும்போது முதலில் காணாமல் போவதும் அந்த வினைதான். ஆகவே நான் படித்த குறிப்புகளை ஒரே ஒரு கேள்வியோடு படித்தேன்: சுழற்சிக்குப் பதிலாக இவர் எதை வைக்கிறார்?

அந்தச் சுழற்சி என்ன செய்கிறது என்பது எனக்குப் புத்தகத்துக்கு முன்பே கையில் தெரியும். பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ரமலான் சந்தையில் கெபாப் வண்டியில் பகுதி நேர வேலை பார்த்தேன். ஒரு நாளைக்கு 50 வெள்ளி. கோழித் தொடை இறைச்சியைக் கம்பியில் அடுக்கி, ஒரு பக்கம் மட்டும் கேஸ் அடுப்பு. நான் நின்ற இடத்தில் அடுப்பு இடது பக்கம் இருந்ததால் ஒரு மாதம் என் முகத்தின் இடது பாதி மட்டும் வெந்துகொண்டிருந்தது. நோன்பு முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மா என் இடது கையைப் பார்த்து, "ஒரு கை மட்டும் எப்படிடா இப்படிக் கறுத்துச்சு?" என்று கேட்டார்.

அடுப்பின் அனல் இறைச்சியைத் தொடாமல் தள்ளி நின்றே சுடும். அடுப்பைப் பார்க்கும் பக்கம் சிவக்கும்போது மற்ற பக்கங்கள் ஓய்வெடுக்கும். அந்த ஓய்வில் வெப்பம் மெதுவாக உள்ளே இறங்கும். மேலே செருகிய கொழுப்பு உருகி, சுற்றிச் சுற்றி வழிந்து கீழே வரும். ஒரு நேரத்தில் நன்றாகச் சிவந்து முறுகி இருப்பது வெளியே சில மில்லிமீட்டர்தான். அதைச் சீவி எடுத்தால் புதிய மேற்பரப்பு வெளியே வரும், அது சிவக்க ஆரம்பிக்கும். டோனரின் ருசி முழுக்க இந்தத் தோல் உரிகிற வேகத்தில் இருக்கிறது.

அந்த வேகத்தைத் தீர்மானிப்பது அடுப்பு என்றுதான் முதல் வாரம் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, தீர்மானிப்பது கூட்டம். நாலு மணிக்கு ஆள் வராதபோது மேற்பரப்பு காய்ந்து கருவாடு மாதிரி ஆகிவிடும். அடுப்பைக் குறைக்க வேண்டும். ஆறரை மணிக்கு வரிசை பத்து வண்டி தாண்டி நிற்கும். நோன்பு திறக்க இன்னும் அரை மணி நேரம். யாருக்குப் பொறுமை இருக்கும்? சிவக்கும் முன்பே ஆழமாகச் சீவுவோம். உள்ளே இன்னும் வேகாத இறைச்சியும் சேர்ந்து வரும். அதைத் தட்டைக் கல்லில் போட்டுப் பிரட்டி முழுக்க வேகவைத்துக் கொடுப்போம். வாங்கியவர்களுக்கு வித்தியாசம் தெரிந்ததா என்று தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்தில், ஐந்தரைக்கு ஒரு இருபது நிமிடம் மட்டும், வரும் ஆளின் எண்ணிக்கையும் சிவக்கும் வேகமும் சரியாகப் பொருந்தும். அந்த இருபது நிமிடத்தில் வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

செங்குத்துக் கம்பி ஓட்டோமான் காலத்துப் பழக்கம். 1855இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த புகைப்படம்தான் டோனரைக் காட்டும் மிகப் பழைய படம் என்கிறார்கள். பிறகு புர்சா நகரத்து இஸ்கந்தர் குடும்பம் இதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாடியது. 1867 என்று ஆண்டும் சொல்வார்கள். யார் முதலில் நிமிர்த்தினார் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. நிமிர்த்தியதும் பெரிய இறைச்சிக் கூம்பை ஒரே ஆள் நின்றபடி நூறு பேருக்குச் சீவிக் கொடுக்க முடிந்தது. அதுதான் முக்கியம். டோனர் பிறக்கும்போதே கடைச் சாப்பாடு. வீட்டில் இருந்து கடைக்குப் போன தோசை, இட்லி மாதிரி அல்ல.

இப்போது முதல் குறிப்பு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'குட் ஈட்ஸ்' நடத்திய ஆல்டன் பிரவுனுடையது. சுமார் 900 கிராம் அரைத்த ஆட்டிறைச்சி. வெங்காயத்தை அரைத்து, துணியில் கட்டி, நீர் முழுவதையும் பிழிய வேண்டும். பூண்டு, மார்ஜரம், ரோஸ்மேரி, உப்பு, மிளகு எல்லாம் சேர்த்து இயந்திரத்தில் பசையாகும்வரை அரைக்க வேண்டும். ரொட்டி அச்சில் காற்றுப் புகாமல் அழுத்தி, வெந்நீர்த் தட்டில் வைத்து, 325 பாரன்ஹீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுட வேண்டும். வெந்ததும் கொழுப்பை வடித்துவிட்டு, அலுமினியத் தாள் சுற்றிய சூடான செங்கல்லை மேலே வைத்து அழுத்த வேண்டும். செங்கல்லுக்கு நான் வீட்டுப் பின்புறம் போனேன். ரோஜாத் தொட்டிக்குக் கீழே ஒன்று இருந்தது.

இந்தக் குறிப்பைப் பலர் திட்டுவார்கள். இது மீட்லோஃப், கைரோஸ் அல்ல என்பார்கள். கிரேக்கத்தில் பன்றி அல்லது கோழி இறைச்சித் துண்டுகளை அடுக்கித்தான் செய்வார்கள் என்பது உண்மை. ஆனால் பிரவுன் ஏதென்ஸை மொழிபெயர்க்கவே இல்லை. 1970களில் சிகாகோ தொழிற்சாலைகள் மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் அரைத்து, கூம்பாக அழுத்தி, உறையவைத்து அமெரிக்கா முழுக்க அனுப்பின. அமெரிக்கர்கள் அறிந்த கைரோஸ் அதுதான். அந்தக் கூம்பைத்தான் அவர் மொழிபெயர்க்கிறார், அதற்கு விசுவாசமாகவே இருக்கிறார். உப்போடு சேர்த்து நன்றாக அரைக்கும்போது இறைச்சியின் புரதம் ஒட்டும் பசையாக மாறும். நம் ஊர் மீன் உருண்டை துள்ளுவதும் இதே காரணத்தால்தான். வெங்காய நீரைப் பிழியாவிட்டால் அந்தப் பசை பிடிக்காது. செங்கல், உள்ளே மிஞ்சிய காற்றையும் கொழுப்பையும் வெளியேற்றி இறைச்சியை இறுக்குகிறது. சுழற்சிக்குப் பதிலாக எடை. மெல்லிசாக வெட்டி வாணலியில் முறுக்கினால், சும்மா சொல்லக் கூடாது, ருசிதான். ஆனால் முறுக்கிய பிறகுதான். அச்சிலிருந்து எடுத்ததும் அது சாம்பல் நிறக் கட்டி. அம்மா பார்த்துவிட்டு, "இதுக்காடா என் ரோசாச் செடிய சாய்ச்ச?" என்றார்.

இரண்டாவது, சமூக ஊடகங்களில் எல்லாரும் பார்த்த காகிதக் குறிப்பு. அரைத்த இறைச்சியோடு தயிர், வெங்காயம், மசாலா கலந்து, இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவே வைத்து, சப்பாத்தி மாதிரி மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். பிறகு தாளோடு சேர்த்துப் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி அடுப்பில் வைக்க வேண்டும். வெந்ததும் விரித்தால் இறைச்சி மடிப்பு மடிப்பாக உடைந்து அசல் டோனர் துண்டுகளைப் போலவே விழும். இதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். சுழற்சி இங்கே தாளின் சுருட்டலில் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆனால் இது கண்ணுக்காக எழுதப்பட்ட குறிப்பு. தாளுக்குள் இறைச்சி தன் நீராவியிலேயே வேகிறது. அனல் தொடவே இல்லை. சாப்பிட்டால் அவித்த கொத்துக்கறி. கைத்தொலைபேசிக் கேமராவுக்குத் தெரிவது வடிவம் மட்டும்தானே.

ருசியைவிட என்னை உறுத்தியது இந்தக் குறிப்புகளைச் சுற்றி இருக்கும் மொழி. இனிமேல் கடைக்கே போக மாட்டீர்கள், கடையைவிட ருசி, கடையைவிடச் சுத்தம். தமிழ், மலாய், ஆங்கிலம் எதில் பார்த்தாலும் இந்த மூன்றும் வரும். முதல் இரண்டும் வியாபாரப் பேச்சு, விட்டுவிடலாம். 'சுத்தம்' என்ற இடத்தில் நான் நின்றுவிடுவேன். யாரைவிடச் சுத்தம்? இறைச்சியில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்து சாப்பிடுவது நியாயமான ஆசை. தெருவோரக் கடையில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டவன்தான் நானும். ஆனாலும் அந்தச் சொல் இறைச்சியைப் பற்றி மட்டும் பேசுவதாக எனக்குப் படவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் வியர்வையோடு நிற்கிற ஆளையும் அது பார்க்கிறது. வீட்டு டோனரில் சுழற்சியோடு சேர்த்து நீக்கப்படுவது அந்த ஆள்.

அந்த ஆளுக்கு ஜெர்மனியில் என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. 1973இல் ஆள் எடுப்பது நின்றது. தொழிற்சாலை வேலை போனவர்கள் பலர் சின்னச் சின்னக் கடைகள் போட்டார்கள். 1972இல் மேற்கு பெர்லினின் ஸூ ரயில் நிலையம் பக்கம் டோனரை ரொட்டிக்குள் வைத்து விற்றவர் என்று காதிர் நூர்மானைச் சொல்வார்கள். இல்லை, நான்தான் முதலில் என்றவர்களும் உண்டு. தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத வேலையாட்களின் நகரத்தில், நடந்தபடி சாப்பிட ஒரு வழி கிடைத்தது. நூர்மான் காப்புரிமை எதுவும் எடுக்கவில்லை. 2013இல் இறந்தார்.

2000 முதல் 2006 வரை ஜெர்மனியில் ஒன்பது குடியேறிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் துருக்கி வம்சாவளி, ஒருவர் கிரேக்கர். பூ வியாபாரி, தையல்காரர், காய்கறிக் கடைக்காரர், பூட்டுக் கடைக்காரர் என்று ஆளுக்கு ஒரு தொழில். டோனர் கடையில் நின்றவர்கள் இரண்டே பேர். ஆனாலும் பத்திரிகைகள் அந்தக் கொலைகளுக்கு வைத்த பெயர் 'டோனர் கொலைகள்'. போலீஸ் பல வருடம் செத்தவர்களின் குடும்பங்களையே சந்தேகித்தது. 2011இல்தான் கொன்றது ஒரு நவநாஜிக் குழு என்று வெளியே வந்தது. அந்த ஆண்டின் மிக மோசமான சொல்லாக அந்தப் பெயரைத்தான் ஜெர்மனியில் தேர்ந்தெடுத்தார்கள். பூ விற்றவரும் டோனர், துணி தைத்தவரும் டோனர், கிரேக்கரும் டோனர். மனிதர்களை அவர்கள் விற்காத பண்டத்தின் பெயரால் கூப்பிடுவது எப்படி என்பது மலேசியாவில் வளர்ந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை ஏதாவது சாப்பாட்டின் பெயரால் கூப்பிட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

இதைத் தெரிந்துகொண்டு 2024 ஏப்ரல் செய்தியைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையர் துருக்கிக்குப் போனபோது, பெர்லின் கடைக்காரர் ஒருவரையும் 60 கிலோ டோனர் கம்பியையும் கூடவே கொண்டுபோனார். இஸ்தான்புல் விருந்தில் அவரே கத்தியை எடுத்துச் சீவினார். நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனால் ஜெர்மனியில் வாழும் துருக்கிய வம்சாவளியினர் பலருக்குக் கோபம். அறுபது ஆண்டு வாழ்க்கைக்கு அடையாளம் இதுதானா என்று கேட்டார்கள். அந்தப் புகைப்படத்தில் இறைச்சி சரியான முறையில் சிவந்திருந்ததா என்றுதான் நான் முதலில் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

துருக்கிப் பக்கமும் இதே மாதிரி ஒரு பிடிவாதம். 2022இல் அங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு விண்ணப்பம் போனது. மாடு குறைந்தது 16 மாதம் வளர்ந்திருக்க வேண்டும், சீவும் துண்டு 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், அப்படி இருந்தால்தான் டோனர். ஜெர்மனி எதிர்த்தது. 2025 செப்டம்பரில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. பொறியாளன் என்ற முறையில் மில்லிமீட்டர் கணக்கைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆறரை மணி வரிசையில் நின்று சீவிப் பார்த்தவர் யாரும் அந்த விதியை எழுதியிருக்க மாட்டார்.

மூன்றாவது குறிப்புக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பல இடங்களில் பல விதமாகக் கிடைக்கிறது. அரைத்த இறைச்சி கிடையாது. எலும்பு நீக்கிய கோழித் தொடை ஒரு கிலோ. தட்டி மெல்லிசாக்கி, தயிர், வெங்காயச் சாறு, பூண்டு, உப்பு, மிளகு, மிளகாய்த் தூள், ஒரிகானோவில் இரவெல்லாம் ஊறவைத்தேன். பாதி வெங்காயத்தை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, அதில் இரண்டு சாத்தே குச்சிகளை நிமிர்த்திக் குத்தி, இறைச்சியை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, உச்சியில் கோழித் தோலும் கொழுப்பும் வைத்தேன். எங்கள் வீட்டு மேசை அடுப்பு 30 லிட்டர்தான். 15 சென்டிமீட்டருக்கு மேல் கோபுரம் உயர முடியாது. குச்சிகளின் நுனியை வெட்ட வேண்டியிருந்தது.

200 டிகிரி. என் அடுப்பு பின்பக்கம் அதிகமாகச் சுடும். அதனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து தட்டைக் கால்வாசி திருப்பினேன். எந்தக் குறிப்பிலும் இது எழுதியிருக்கவில்லை. நடுவில் வெப்பமானி 75 காட்டியதும் வெளியே எடுத்து, வெளிப்புறம் மட்டும் சுற்றிச் சீவிவிட்டு, மிச்சத்தை மறுபடி உள்ளே வைத்தேன். மறுபடி சிவந்ததும் மறுபடி சீவினேன். சீவிய துண்டுகளைத் தட்டில் தேங்கிய கொழுப்பு ஊற்றிய இரும்பு வாணலியில் ஒரு நிமிடம். சந்தை வண்டியில் வரிசை நீண்டபோது தட்டைக் கல்லில் செய்த அதே வேலைதான். அன்று அதை ஏமாற்று வேலை என்று நினைத்தேன்.

மூன்றில் இதுதான் சிறந்தது. ஓரம் முறுகி, உள்ளே ஈரமாக, ஒவ்வொரு துண்டும் வேறு வேறு ருசியோடு இருந்தது. பிரவுனின் கட்டியில் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி. வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிந்து தயிரில் பூண்டோடு கலந்து கிரேக்கர்களின் ஸட்ஸிக்கி செய்து வைத்தேன். அம்மா ஒரு விரல் தொட்டு, "பச்சடிதானடா இது, தாளிக்க மறந்துட்ட" என்றார். ரொட்டி கடையில் வாங்கியது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு குறை மட்டும் எந்தக் குறிப்பும் சொல்லவில்லை. துண்டு வாணலியிலிருந்து இறங்கி மூன்று நிமிடத்தில் சாப்பிட வேண்டும். ஆறினால் கொழுப்பு இறுகிவிடும். எல்லாருக்கும் ஒன்றாகப் பரிமாறி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு இல்லை இது. அப்பா முதலில் வந்தார். பிறகு தங்கச்சி, பிறகு அவளுடைய தோழி இரண்டு பேர், பிறகு அப்பா மறுபடியும். நான் சீவுவது, பிரட்டுவது, ரொட்டியில் வைத்துச் சுருட்டுவது, கொடுப்பது என்று அடுப்படியிலேயே நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல். வாணலி இந்தத் தடவையும் இடது பக்கம்தான்.

தோசை சுடுகிற நாட்களில் அந்த இடத்தில் அம்மா நிற்பார். கடைசித் தோசையை அவர் எப்போது சாப்பிடுவார் என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"நீ இன்னும் சாப்டலயா? கரண்டிய குடு, நான் பொரட்டித் தரேன். போய் ஒக்காரு" என்றார் அம்மா.

"நீங்க போய் ஒக்காருங்கம்மா. அடுத்தது ஒங்களுக்கு" என்றேன். கோபுரத்தில் இன்னும் இரண்டு சீவலுக்கு இறைச்சி இருந்தது.